ஓசை வந்த வழி

சீர்காழிக்கு மேற்கே, ஊரை ஒட்டினாற்போல் இருக்கிறது திருக்கோலக்கா. அங்கே சுவாமிக்குத் தாளபுரீசுவரர் என்று பெயர். அம்பாள் ஓசை கொடுத்த நாயகி. ஞானப்பால் உண்ட பிள்ளை முதன்முதலாக யாத்திரை கிளம்பி வந்த தலம் அது. கையைத் தட்டித் தாளம் போட்டபடி சம்பந்தர் பாட, பிஞ்சுக் கை நோகுமே என்று இரங்கிய சிவன், அஞ்செழுத்து எழுதிய பொற்றாளத்தைத் தந்தார் என்கிறது பெரியபுராணம். சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே சுந்தரர் தம் கோலக்காப் பதிகத்தில் இதைக் குறிப்பிட்டுவிட்டார். ஆகவே கதை பழசு. அதில் தலபுராணம் சேர்த்துச் சொல்லும் ஒரு துண்டுதான் என்னை இழுத்துப் பிடித்தது. தாளம் பொன்னாக இருந்ததால் தட்டியபோது சத்தம் எழவில்லை; அம்பாள்தான் அதற்கு ஓசை கொடுத்தாள்.

இதைச் சொன்னவர்களுக்கு உலோகம் தெரிந்திருக்கிறது. சுத்தப் பொன் மெத்தென்ற உலோகம். தட்டினால் அதிர்வை உள்ளேயே விழுங்கிவிடும். செம்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு செம்புத் தகட்டைத் தட்டினால் ‘தட்’ என்று கேட்டு அங்கேயே அடங்கிவிடும். அதே செம்பில் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்கு வெள்ளீயத்தைச் சேர்த்தால் நிறம் மாறும், குணம் மாறும். சிவப்பு போய் மஞ்சள் கலந்த வெளுப்பு வரும். வளைந்து கொடுத்த உலோகம் விறைத்துக்கொள்ளும். தட்டினால் ஓசை எழுந்து, நின்று, மெல்லக் கரையும். கோயில் மணி, சேகண்டி, நாகசுரக் கச்சேரியில் ஒலிக்கும் குழித்தாளம் எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பது அந்த வெள்ளீயம். தெய்வப் படிமம் வார்க்கும் கலவையில் அது பத்துப் பங்கைத் தொடுவதே அபூர்வம். கூடினால் உலோகம் முறுகிப்போய் உளிக்கு அடங்காது. படிமம் பேச வேண்டியதில்லை. தாளம் பேசியாக வேண்டும்.

அந்த வெள்ளீயம் காவிரிக் கரையில் கிடைக்காது. தமிழ்நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி எங்குமே இல்லை. ஆகவே தாளத்தின் ஓசை பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வந்தது. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிபுளூஸ்’ என்ற கிரேக்க மாலுமிக் கையேடு, முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளில் செம்பு, ஈயத்தோடு வெள்ளீயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அது மேற்கே இருந்து வந்தது. கிழக்கே இதைவிடப் பெரிய களஞ்சியம் இருந்தது. மலாய்த் தீபகற்பத்தின் முதுகெலும்பு நெடுக வெள்ளீய மண். சோழர் கடாரம் என்று அழைத்த கெடா அதன் மேற்குக் கரையில் இருக்கிறது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுப்பினான். ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குத் தானமாக எழுதப்பட்டது. அந்தச் செப்பேடு பிற்பாடு நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1025இல் ராஜேந்திரன் படையும் கடாரம் போயிற்று. வணிகமும் பக்தியும் போரும் ஒரே கடல் வழியில் நடந்தன. அந்த வழியில் எந்த மூட்டையில் எத்தனை வெள்ளீயம் வந்தது என்று கல்வெட்டு பேசாது. ஆனால் டெல்டாவில் மணி ஒலித்ததென்றால் வெள்ளீயம் வந்திருக்கிறது.

வெண்கலத்தைக் கையாளும் வித்தை அதைவிடப் பழசு. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் புதைகுழிகளில் கிடைத்த வெண்கலக் கலங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் சில இருபது பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்ந்தவை என்றும், காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்துச் செய்தவை என்றும் காட்டினார். இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். இந்த வெண்கலம் நேர்மாறு. தானாக ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சிவந்த சூட்டில் தோய்த்தால் முறுகல் தணியும். 1623இல் இஸ்தான்புல்லில் அவெதிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய சில்ஜியான் பட்டறையும் இதே குணத்தை நம்பித்தான் வளர்ந்தது. 1929இல் அது அமெரிக்காவுக்கு இடம் பெயர்ந்தது; இன்று ஜாஸ் டிரம்ஸ் மேல் மினுங்கும் அகலத் தட்டும் எண்பதுக்கு இருபது என்ற அதே கலவைதான். அகலமாக, மெல்லிசாக அடித்தெடுத்த தட்டில் ஆயிரம் சுருதிகள் ஒன்றாகக் கலந்து எழும். அலை உடைவதுபோல் பரவும். நம் குழித்தாளம் கைக்குள் அடங்குவது, தடித்தது, நடுவில் குழிந்தது. அதனால் அதில் ஒரு சுருதி முன்னே வந்து நிற்கிறது. அகலத்தையும் கனத்தையும் மாற்றினால் ஒரே உலோகம் வேறு சங்கீதத்துக்குப் போய்விடுகிறது.

பாட்டோடு இப்படி ஒரு கஞ்சக் கருவி சேர்ந்து நடந்ததற்கு மலைபடுகடாம் சாட்சி. கூத்தர் கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு போகும் கருவிகளில் முழவு, ஆகுளியோடு பாண்டிலும் இருக்கிறது. உருக்கிய உலோகத்தைத் தகடாக்கிச் செய்தது என்பதும் அங்கே குறிப்பாக வருகிறது. தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்று கருவிகளைப் பிரித்த நம் மரபு, கஞ்சத்துக்குத் தனி வரிசை கொடுத்ததும் சும்மா இல்லை.

இன்று டெல்டாவில் வெண்கலம், பித்தளை என்றால் கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோவில்தான் நினைவுக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற குத்துவிளக்கு ஊர். 1857 வாக்கில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பிய ஐந்து பத்தர் குடும்பங்கள் முதலில் திருத்துறைப்பூண்டி வட்டத்து ஜாம்புவானோடையில் தங்கினார்கள். பிறகு கும்பகோணம் வந்து, கடைசியில் நாச்சியார்கோவிலில் நிலைத்தார்கள் என்று சொல்வார்கள். ஜாம்புவானோடை வேதாரண்யத்துக்கு மேற்கே, முத்துப்பேட்டையை ஒட்டிய ஊர். அவர்களை நாச்சியார்கோவிலில் நிறுத்தியது காவிரியின் வண்டல். அச்சுக்கு அந்த மண் மாதிரி வேறு மண் இல்லை. மாவு மாதிரி நைசு. ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும், சூடு பட்டால் வெடிக்காது. உள்ளே இருக்கும் உருவத்தின் ரேகையைக்கூட விடாமல் வாங்கிக்கொள்ளும்.

தாளம் வார்ப்பது பார்க்க எளிய வேலை. செய்வதில்தான் நுட்பம். செம்பு உருக ஆயிரத்து எண்பத்தைந்து டிகிரி வேண்டும். வெள்ளீயத்துக்கு இருநூற்று முப்பத்திரண்டு போதும். அதனால் மூசையில் செம்பை முதலில் உருக்கிவிட்டு, கடைசியில்தான் வெள்ளீயத்தைப் போட வேண்டும். முன்னால் போட்டால் காற்றில் கருகிப் போகும். கலவை பங்கு தவறும். பங்கு குறைந்தால் தாளம் ஊமை, கூடினால் ஒரு விழுகையில் இரண்டு துண்டு. வார்த்து ஆறியதும் கடைசல் பிடித்து, விளிம்பைச் சமமாக்கி, நடுவில் துளை போடுவார்கள். துளை நடுவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. தட்டும்போது விளிம்புதான் அதிகம் ஆடுகிறது. நடு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. அசையாத இடத்தில் கயிறு கோத்துப் பிடித்தால் ஓசை கெடாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள், ஒன்றும் எழாது.

இரண்டு தட்டும் ஒரே அச்சில் வார்த்தாலும் சுருதி அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. கடைசலில் ஒரு இழை கூடக் குறைய ஆனாலே போதும். சுருதி இம்மி விலகிய இரண்டு ஓசைகள் சேரும்போது அலைப்பு பிறக்கும். ‘ணிம்ம்ம்’ என்று அது தனக்குள்ளேயே ஏறி இறங்கும். அந்த அலைப்பு மெதுவாக இருந்தால் காதுக்குத் தேன். வேகமாக இருந்தால் எரிச்சல். ஜோடி சேர்ப்பவர்கள் தராசைவிடக் காதைத்தான் நம்புவார்கள். ஒன்றை எடுத்துத் தட்டி, காதருகே பிடித்து, கீழே வைத்து, இன்னொன்றை எடுத்து, மறுபடி முதலாவதற்கு வருவார்கள். கடைக்காரர் அவசரப்படுத்தக் கூடாது.

வாங்கின தாளம் எந்த ஊர் உலோகம் என்று கேட்டால் பதில் கிடையாது. வெண்கலம் எடைக்குப் போய் எடைக்கு வரும் பண்டம். கீறல் விழுந்த மணி, விளிம்பு உடைந்த தாளம், பாட்டி வீட்டு வெண்கலப் பானை எல்லாம் ஒரே மூசையில் இறங்கும். இன்று ஒரு பையன் கையில் இருக்கும் தாளத்தில் கடாரத்து வெள்ளீயம் ஒரு குன்றிமணி இருந்தாலும் இருக்கலாம்.

இனி வேதாரண்யம். தேவாரத்தில் அதற்குத் திருமறைக்காடு என்று பெயர். சம்பந்தர் தாளத்தோடு வந்து சேர்ந்த ஊர்களில் இதை நான் தனியாக வைக்கிறேன். காரணம், இந்த ஊர்க் கோயில் முழுக்கக் காதுக்காகக் கட்டிய கோயில். அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் குரலுக்கு முன் வீணை எதற்கு என்று இங்கே சரஸ்வதி வீணை இல்லாமல், சுவடியோடு உட்கார்ந்திருக்கிறாள். வேதங்கள் பூட்டிப்போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார். சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்தார். ஒவ்வோர் ஆண்டும் மாசித் திருவிழாவில் இந்தக் கதவு திறந்து அடைக்கும் விழாவை நடத்திக் காட்டுகிறார்கள். மதுரையிலிருந்து மங்கையர்க்கரசியின் அழைப்பு வந்ததும் இந்த ஊருக்குத்தான். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுக்க, கோளறு பதிகம் பாடிவிட்டுப் பிள்ளை கிளம்பிப் போனார். கூடப் போனது தாளம்.

யாழும் போயிற்று. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரோடு தலம் தலமாக நடந்தவர். தருமபுரத்தில் சம்பந்தரின் பாட்டைத் தன் யாழில் அடக்க முடியாமல் யாழையே உடைக்க ஓங்கினார் என்பது கதை. அந்த யாழ் பிற்பாடு தமிழ்நாட்டிலிருந்தே காணாமல் போனது. தாளம் மட்டும் நின்றது. நரம்பு அறும், மரம் உளுக்கும், தோல் மழையில் தொய்யும். வெண்கலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வேதாரண்யத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. அகஸ்தியன்பள்ளி உப்பளங்கள் பக்கமிருந்து அடிக்கிற காற்று. உப்பு ஏறிய ஈரம் பட்டால் தாளத்தின் குழியில் பச்சைக் களிம்பு சீக்கிரம் பூத்துவிடும். கயிறு உட்காரும் துளையைச் சுற்றித்தான் முதலில் வரும், ஏனென்றால் வியர்வையும் உப்புத்தானே. புளி போட்டுத் தேய்த்தால் போகும். ஆனால் தினம் தேய்க்க ஆரம்பித்தால் உலோகம் தேயும், சுருதியும் நகரும். துணியால் துடைத்து, பையில் கட்டி வைப்பதே நல்லது.

சப்தவிடங்கத் தலங்களில் வேதாரண்யமும் ஒன்று. இங்கே தியாகராசர் புவனி விடங்கர். அவர் ஆடுவது அம்சபாத நடனம். சுவாமி புறப்பட்டால் பெரிய மேளம் கூடவே புறப்படும். நாகசுரம் மல்லாரி எடுக்கும், ராகம் கம்பீரநாட்டை. முதல் காலத்தில் நிதானமாக வாசித்த அதே வரிசையை இரண்டாம் காலத்தில், மூன்றாம் காலத்தில் என்று மடக்கி மடக்கி வாசிப்பார்கள். தவில் அதன் மேல் திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடை மாற்றிக்கொண்டே போகும். இத்தனை கொந்தளிப்புக்கு நடுவில் ஒரு பையன் நிற்பான். பெரும்பாலும் வித்வானின் மகன் அல்லது சிஷ்யன். இடது உள்ளங்கையில் ஒரு தட்டு வாய் மேலே பார்க்க இருக்கும். வலது கைத் தட்டின் விளிம்பு அதன் மேல் சரிந்து விழும். கயிறு சுட்டுவிரலில் ஒரு சுற்று, பெருவிரல் அதை அழுத்திப் பிடித்திருக்கும். தட்டிவிட்டு உடனே விலகினால் ஓசை நீளும். அப்படியே அமுக்கி வைத்தால் ‘தச்’ என்று மூடும். திறந்ததும் மூடியதும் மாறி மாறி வரும்போதுதான் வித்வானுக்கு அடி எது, இடைவெளி எது என்று புரிகிறது. தவில்காரர் எவ்வளவு தூரம் ஓடினாலும் இவன் பின்னால் ஓடக் கூடாது. தவிலில் ஒரு மோரா உருளும்போது இவன் கை தானாக வேகம் எடுக்கத் துடிக்கும். ‘டேய், புடிச்சு நில்றா!’ என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அவன் நின்றுவிட்டால் தவில்காரர் எங்கே சுற்றினாலும் சரியாக வந்து இறங்குவார்.

நாகசுர உலகத்தின் மேதைகள் பலர் இந்த இடத்தில் நின்று தொடங்கியவர்கள்தான். லயம் காதில் ஏறுவதற்கு முன் கையில் ஏற வேண்டும் என்பது அந்தக் குடும்பங்களின் பாடத்திட்டம். ஊர்ப் பெயரை முன்னால் தாங்கி வாசித்த நாகசுர வித்வான் வேதாரண்யம் வேதமூர்த்தியின் ஒலிப்பதிவு கிடைத்தால் ஒரு தடவை நாகசுரத்தை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் கேளுங்கள். பழைய ஒலிப்பதிவுகளில் மைக் எங்கே இருந்தாலும் தாளம் உள்ளே வந்துவிடும். அதன் ஓசை உயரத்தில் இருப்பதால் தவிலின் இடியும் அதை மூடாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து நீளமான பாரி நாகசுரத்தைக் கொண்டுவந்தபோது சுருதி நான்கு கட்டைக்கு மேலிருந்து இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. திமிரி என்ற பழைய குட்டை நாகசுரத்தின் அலறலோடு மோதிய அதே கூர்மையான தாளம், பாரியின் தழைந்த குரலுக்கு மேல் துருத்திக்கொண்டு கேட்கும். நாகசுரம் இறங்கியபோது தாளமும் தடித்து, தழைந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கச்சேரி விமர்சனத்தில் இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை முனையில் நின்றால் எதிரே யாழ்ப்பாணம். காங்கேசன்துறை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். தஞ்சை ஜில்லா மேளங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போனதும், இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் இங்கே வந்து கற்றதும் இந்தச் சின்னக் கடல் மேல் நடந்த போக்குவரத்து. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவிலில் அசுர சாதகம் செய்தவர். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையிடம் வந்து கற்றவர். தாளம் பிறக்கும் ஊருக்கே தாளத்தைத் தேடி வந்தார் என்றே இதை நான் நினைத்துக்கொள்கிறேன். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து மேளங்கள் லண்டன், பாரிஸ், டொரண்டோ கோயில்களுக்குப் போயின. தவிலின் தோல் குளிரில் மக்கர் பண்ணியபோதும் தாளம் எந்தக் குளிரிலும் அதே குரலில் பேசியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது.

கிழக்கே போனது வேறு கூட்டம். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பல், சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்கு, சிங்கப்பூர் போகும். டெல்டாவின் கூலி ஜனங்கள் அதன் தளத்தில் படுத்துக்கொண்டு மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். துணி மூட்டைக்குள் பஜனைத் தாளம் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு போக இடம் நிறைய வேண்டாம். அந்த நாட்களில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே வெள்ளீயம் தோண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து எடுத்த வெள்ளீயத்தில் செய்த ஓசையை அங்கேயே திருப்பிக் கொண்டுபோய், பத்துமலைத் தைப்பூசத்தில் அடித்தார்கள்.

தஞ்சாவூரில் இன்னொரு தாளமும் உண்டு. பரதநாட்டியத்தில் நட்டுவனார் கையில் இருப்பது. இதில் ஒரு தட்டு வெண்கலம், இன்னொன்று இரும்பு அல்லது எஃகு. உருவத்தில் சின்னது, உணர்வில் கறாரானது. வெண்கலம் ஒலிக்க நினைக்கும், இரும்பு அதை வெட்டும். ஆடுகிறவரின் பாதம் தரையைத் தொடும் அந்தக் கணம் மட்டும்தான் தேவை, மிச்சம் ஓசை இடைஞ்சல். இரண்டாம் சரபோஜியின் சபையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் அடவையும் உருப்படியையும் வரிசைப்படுத்தினார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வரை அந்தக் கை இறங்கி வந்தது. கோயில் வீதியில் ஓசை நீள வேண்டும், ஆட்ட மேடையில் ஓசை குறுக வேண்டும். ஒரே ஜில்லாவில் இரண்டுக்கும் தனித்தனித் தாளம் செய்துகொண்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இப்போது பல கோயில்களில் மின்சார மேளம் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மோட்டார் சுழலும். கம்பி முரசைத் தட்டும், மணியைத் தட்டும், தாளத் தட்டையும் தட்டும். தீபாராதனை நேரத்துக்கு ஆள் கிடைக்காத சிறு கோயிலின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கம்பி விலகத் தெரியாதது. தட்டிவிட்டு எப்போது விலக வேண்டும் என்பதில்தானே தாளத்தின் பாதி இருக்கிறது. மூடும் ஓசையே அந்த யந்திரத்தில் கிடையாது. கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குத் தாளம் என்றால் இரைச்சல் என்று பழகிப்போகிறது. அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரம் இருக்கிறது, தவில் இருக்கிறது, தேவாரம் இருக்கிறது. தாளத்துக்குத் தனியாக ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். லயம் அங்கேதான் கைக்கு ஏறுகிறது என்று வித்வான்களே சொல்கிறார்கள்.

வேதாரண்யத்தில் மாசித் திருவிழா வரும்போது அழைப்பிதழ் அடிப்பார்கள். நாகசுரம் இன்னார், தவில் இன்னார் என்று கொட்டை எழுத்தில் பெயர் போடுவார்கள். அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. தாளம் என்று போட்டு, அந்தப் பையனின் பெயரையும் அச்சடிக்க வேண்டும்.